நலம் சொல்லும் பொருள்களைப் படமெடுப்பது எப்படி? சேலம், ஏற்காடு பக்கத்தவர்களுக்கான கேள்வி பதில்

ஆரோக்கியம் என்றதும் எதைப் படமெடுப்பது? யோகாசனமும் பழத்தட்டும்தான் நினைவுக்கு வருகின்றன.

அவை இரண்டும் எல்லா ஊர்ப் படங்களிலும் இருக்கின்றன. நம் பக்கத்து வீடுகளில் நலத்துக்கென்று வைத்திருக்கும் பொருள்களை முதலில் பாருங்கள். அஞ்சறைப்பெட்டி, அம்மி, செம்புக் குடம், சுக்கு இடிக்கும் சின்ன உரல், குழந்தைக்கு மருந்து உரைக்கும் கல், எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய் டப்பா, பழைய சோற்றுச் சட்டி. வாசலுக்கு வந்தால் மாவிலை, காப்புக்கட்டு, வேப்பிலைக் கொத்து. தெருவுக்கு வந்தால் கம்பங்கூழ் வண்டி, நுங்கு, இளநீர். மலைக்கு ஏறினால் சாமை, கேழ்வரகு, மிளகு, கிழங்குகள்.

சேலத்துக்கே உரியது என்றால் ஜவ்வரிசி. காய்ச்சல் விட்டவர்களுக்கு இங்கே முதலில் கொடுப்பது அதன் கஞ்சியைத்தான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வாங்கிப் படமெடுக்க லீ பஜார், செவ்வாய்பேட்டை மளிகைக் கடைகள், சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி உழவர் சந்தைகள் போதும். சந்தையில் காலை 6 முதல் 8 மணிக்குள் காயும் புதிதாக இருக்கும், வெளிச்சமும் சாய்வாக இருக்கும்.

பொருளைச் சுத்தம் செய்து வெள்ளைத் துணியில் வைத்து எடுத்தால் அழகாகத்தானே இருக்கிறது?

அழகாக இருக்கும், ஆனால் கடை விளம்பரம் போல இருக்கும். பித்தளைச் சொம்பு விற்பனைக்கா, வீட்டில் யாரோ அதில் தண்ணீர் குடிக்கிறார்களா என்பது படத்தில் தெரிய வேண்டும். நலம் என்பது பொருளில் இல்லை, அதைப் புழங்குவதில் இருக்கிறது. அதனால் புழங்கிய தடயம் ஒன்றையாவது படச் சட்டத்துக்குள் கொண்டு வாருங்கள். அம்மியின் ஓரத்தில் வழிந்து காய்ந்த மஞ்சள், சீரகத்தில் கரண்டி அள்ளிய பள்ளம், சொம்பின் கழுத்தில் விரல் தேய்த்து மங்கிய இடம், கூழ்ச் சொம்பின் விளிம்பில் வாய் வைத்த ஈரம். கை ஒன்று உள்ளே வந்தால் இன்னும் நல்லது. முகம் தேவையே இல்லை.

இதற்காகத் தடயத்தைச் செயற்கையாகப் பூச வேண்டாம். வீட்டுக்காரரிடம் “வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பத்து நிமிடத்தில் அவர்கள் கேமராவை மறந்துவிடுவார்கள்.

செல்போன் போதுமா, கேமரா வேண்டுமா?

போதும். ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, போனின் சாதாரண லென்ஸ் அகலக் கோணம். சொம்பு, உரல் போன்றவற்றுக்கு மிக அருகில் போனால் முன்பக்கம் வீங்கி அடிப்பக்கம் சூம்பிவிடும். இரண்டடி பின்னால் போய் 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் லென்ஸில் எடுங்கள். இரண்டு, திரையில் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, பிறகு வெளிச்சத்தை மட்டும் சற்றுக் குறையுங்கள். மூன்று, பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். வேப்பிலையின் பல்விளிம்பு, பூளைப்பூவின் பஞ்சு, தூக்குவாளியின் கைப்பிடி இடைவெளி ஆகியவற்றை அது சரியாக வெட்டத் தெரியாமல் மழுங்கடித்துவிடும்.

கேமரா இருந்தால் 50 மி.மீ. லென்ஸ் அல்லது மிக நெருங்கி எடுக்கும் 90, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் நன்றாக உதவும். லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எஃப் எண் கூடினால் தெளிவாகத் தெரியும் ஆழமும் கூடும்: ஒற்றைப் பொருளுக்கு எஃப்/8, பெட்டி முழுதும் தெளிவாக வேண்டுமென்றால் எஃப்/11, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100 முதல் 400, மீதியை ட்ரைபாட் பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் எந்த ஜன்னல் நல்லது? வடக்கு ஜன்னல் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அது மேலைநாட்டுப் பாடம். சேலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11.7 பாகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஆவணி முதல் வாரத்தில்தான் திரும்பி வருகிறது. அந்த நான்கு மாதம் வடக்கு ஜன்னலில்தான் வெயில் விழும். மென்மையான வெளிச்சம் தெற்கு ஜன்னலில் கிடைக்கும். ஐப்பசி முதல் மாசி வரை வடக்கு ஜன்னல் சரி.

எந்த ஜன்னலானாலும் நேர் வெயில் விழுந்தால் டிரேசிங் பேப்பரையோ பழைய வெள்ளை வேட்டியையோ ஒற்றையாகக் கட்டுங்கள். பொருளை ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். எதிர்ப்பக்கம் நிழல் கறுத்தால் ஒரு தெர்மாகோல் அட்டையை ஒன்றரை அடி தூரத்தில் நிறுத்துங்கள். மிகவும் நெருக்கினால் நிழலே இல்லாமல் பொருள் தட்டையாகிவிடும்.

பச்சை, ரோஸ் சுவர்கள் உள்ள அறையில் அந்த நிறம் பொருளிலும் ஏறும். அடுக்களைச் சுவர் அப்படி இருந்தால் திண்ணைக்கு வந்துவிடுங்கள். திண்ணையைப் போல நல்ல ஸ்டூடியோ வீட்டில் வேறெதுவும் கிடையாது. மேலே கூரை, ஒரே பக்கம் திறப்பு, பின்னால் இருட்டு.

டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் கோடு கோடாக வருகிறதே?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. மலிவான எல்இடி பல்புகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் கோடு மறையும். போனில் ப்ரோ மோடு இருந்தால் அதே எண்களைக் கொடுக்கலாம். அதைவிட எளிது, விளக்கை அணைத்துவிடுவது. ஜன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் சோற்றின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். அதைப் பிறகு திருத்துவது பெரும்பாடு.

மஞ்சள் பொடி படத்தில் வெறும் மஞ்சள் திட்டாகத் தெரிகிறது. ஏன்?

மஞ்சளில் சிவப்பு உச்சத்தில் இருக்கும், பச்சை அதற்குச் சற்றுக் கீழே இருக்கும், நீலம் ஏறத்தாழ இருக்காது. கேமரா காட்டும் மொத்த வெளிச்ச வரைபடம் (ஹிஸ்டோகிராம்) சரியாகத் தெரிந்தாலும், சிவப்பு மட்டும் எல்லை தாண்டியிருக்கும். தாண்டிய இடத்தில் பொடியின் குருணை, பள்ளம், மேடு எல்லாம் அழிந்துவிடும். கேமராவில் நிறவாரி வரைபடத்தைத் திறந்து சிவப்பைப் பாருங்கள். வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுங்கள். போனில் என்றால் பொடி சற்று மங்கலாகத் தெரியும் வரை இறக்குங்கள். செல்போன்கள் மஞ்சளைத் தாங்களாகவே ஏற்றிக் காட்டுகின்றன. ரா கோப்பாக, அதாவது போன் நிறத்தை மாற்றாத மூலக் கோப்பாக எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு வழி, பொடிக்குப் பதில் கிழங்கை எடுப்பது. வேகவைத்துக் காய்ந்த விரலி மஞ்சளின் தோல் பழுப்பு, உடைத்த முகம் ஆழ்ந்த ஆரஞ்சு. இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் மஞ்சளின் உண்மையான நிறம் பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். தை மாதத்தில் பச்சை மஞ்சள் கொத்து இலையோடு சந்தைக்கு வரும். பொங்கல் பானையின் கழுத்தில் கட்டிய கொத்தை, வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வரும்படி நின்று எடுங்கள்.

எவர்சில்வரில் என் முகமே தெரிகிறது. பித்தளையும் அப்படித்தான்.

பளபளப்பான உலோகத்தைப் படமெடுப்பது என்பது அது எதைப் பிரதிபலிக்கிறதோ அதைப் படமெடுப்பதுதான். லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டியை மாட்டினால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர், இலை, பீங்கான், எண்ணெய் ஆகியவற்றின் மினுக்கத்தை அது குறைக்கும். வெறும் உலோகத்தின் மினுக்கத்துக்கு அது உதவாது.

செய்ய வேண்டியது இதுதான். சுற்றிலும் வெள்ளை வேட்டியைக் கூடாரம் போலக் கட்டுங்கள். லென்ஸ் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு போதும். இப்போது பாத்திரம் முழுக்க வெள்ளையாகி விளிம்பு பின்னணியில் கரைந்துவிடும். இரண்டு பக்கமும் நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்பு சார்ட் பேப்பரை நிறுத்துங்கள். அந்தக் கறுப்பு, பாத்திரத்தின் ஓரத்தில் கோடாக விழுந்து அதன் உருவத்தைத் திருப்பித் தரும். நீங்கள் கறுப்புச் சட்டை போட்டு, தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுத்தால் உங்கள் பிம்பம் சிறிதாகிவிடும்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாம். ஆனால் அடிக்கட்டு, கழுத்து மடிப்புகளில் கறுப்பு இருக்கட்டும். அதையும் எடுத்துவிட்டால் நேற்று வாங்கியது போல் ஆகிவிடும். செம்பு வேறு மாதிரி. தேய்த்த கையோடு எடுத்துவிட வேண்டும். வெறுங்கையால் பிடித்த இடம் சற்று நேரத்தில் கறையாகத் தெரியும். துணியால் பிடித்து வையுங்கள்.

அம்மி, ஆட்டுக்கல், உரல்: எல்லாம் சாம்பல் நிறத்தில் உயிரில்லாமல் வருகின்றன.

வெளிச்சம் மேலிருந்து விழுகிறது என்று அர்த்தம். கல்லுக்கு வெளிச்சம் பக்கவாட்டில், ஏறத்தாழத் தரையோடு தரையாக வர வேண்டும். காலை 6.30 மணிக்கு வாசலில் கிடக்கும் அம்மியைப் பாருங்கள்: கொத்திய புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியாக, ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக நிற்கும். 9 மணிக்குப் போனால் அதே கல் வழுவழுப்பாகத் தெரியும். வீட்டுக்குள் என்றால் டார்ச்சைக் கல்லின் மட்டத்துக்கு இறக்கி, 10, 15 பாகைக்கு மேல் போகாமல் பிடியுங்கள்.

காய்ந்த கல் வெளிறி நிற்கும்; முழுக்க நனைத்தால் வெள்ளை மினுக்கம் வரும். பாதி நனைந்த கல்தான் சரி. அரைக்கும்போது அது தானாக நடக்கும். மிளகும் சீரகமும் பூண்டும் வைத்து நான்கு இழுப்பு இழுத்ததும் நடுப்பகுதி ஈரமாகிக் கறுக்கும், ஓரம் வெளுத்தே இருக்கும், குழவிக்கு முன்னால் விழுது சுருண்டு நிற்கும். அந்த நிமிடத்தில் எடுங்கள். குழவியின் ஓட்டம் தெரிய 1/30, உறைந்து நிற்க 1/250.

கொத்தாத அம்மியில் மசாலா அரையாது, வழுக்கும். படத்திலும் அது தெரியும். சமீபத்தில் கொத்திய கல் எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரித்துப் போங்கள்.

அஞ்சறைப்பெட்டியை மேலிருந்து எடுக்கும்போது என் நிழல் விழுகிறது.

பெட்டியை ஜன்னலுக்கு அருகே வைத்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நீங்கள் நில்லுங்கள். வெளிச்சம் உங்கள் எதிரிலிருந்து வந்தால் நிழல் உங்கள் காலடிக்குப் போய்விடும். போன் தரைக்கு இணையாக இல்லாவிட்டால் வட்டக் கிண்ணங்கள் முட்டை வடிவமாகும். திரையில் வரும் மட்டக் குறியைப் பார்த்து நேர்செய்யுங்கள்.

கடுகும் மிளகும் கறுப்பு, உப்போ உளுந்தோ வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் வெளிச்சத்தை வைக்காமல், வெள்ளை கெடாத அளவுக்கு இறக்கி எடுத்து, பிறகு கறுப்பை மட்டும் சற்று ஏற்றுங்கள். கிண்ணங்களைத் தளும்பத் தளும்ப நிரப்பாதீர்கள். எந்த வீட்டிலும் ஏழு கிண்ணமும் ஒரே நாளில் நிரம்பியிருக்காது.

கூழ், பழைய சோறு, ஜவ்வரிசிக் கஞ்சி மூன்றும் படத்தில் சேறு மாதிரி வருகின்றன.

மூன்றுக்கும் சிக்கல் வேறு வேறு.

கேழ்வரகுக் கூழின் நிறம் மந்தமானது. முதல்நாள் இரவு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் நொய் வெந்ததும் ஊற்றிக் கிண்டி, ஆறிய பிறகு மோர் விட்டுக் கரைப்பார்கள். ஊற்றி வைத்த சில நிமிடங்களில் மேலே ஏடு படியும். ஏடு படிந்தால் படம் செத்துவிடும். எல்லா ஏற்பாட்டையும் வெறும் சொம்பு வைத்துப் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில் கூழை ஊற்றுங்கள். ஏடு கட்டினால் ஒரு கரண்டி மோர் விட்டு மெதுவாகக் கலக்குங்கள். பக்கத்தில் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் இருந்தால் நிறம் தானாகத் தூக்கிக் கொடுக்கும். மண் கலயத்தில் பழுப்பு மேல் பழுப்பாகப் போகும். எவர்சில்வர் சொம்போ வெண்கலக் கிண்ணமோ நல்லது.

பழைய சோற்றுக்கு உயிர், நீர்மட்டம். பருக்கைகள் நீருக்கு மேல் அரை விரற்கடை தெரிய வேண்டும். நீர் அதிகமானால் வெறும் வெள்ளை நீர், குறைந்தால் வெறும் சோறு. வெளிச்சம் பின்பக்கமிருந்து தாழ்வாக வரட்டும், நீராகாரத்தின் வெண்மை அப்போது தெரியும். வெங்காயத்தை முன்கூட்டியே நறுக்கி வைக்காதீர்கள், வெட்டு முகம் காய்ந்து சுருங்கிவிடும்.

ஜவ்வரிசி பச்சையாக இருக்கையில் தூய வெள்ளை. கேமரா அதைச் சாம்பலாக்கும், அதனால் மூன்றில் இரண்டு ஸ்டாப் ஏற்றுங்கள். கறுப்புக் கல்லின் மேல் கொட்டினால் மணிகள் பிரிந்து தெரியும். கஞ்சிக்கு நைலான் ஜவ்வரிசி எடுத்தால் வெந்ததும் மணி கண்ணாடி போலாகிவிடும்; மாவு ஜவ்வரிசி குழைந்துவிடும். கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி நின்றால் மணி வேகவில்லை. சமையல் தெரிந்தவர்கள் அதை உடனே கண்டுபிடிப்பார்கள்.

சுக்குக் காபியில் ஆவி பறப்பதைப் பிடிப்பது எப்படி?

ஆவி பின்வெளிச்சத்தில், இருண்ட பின்னணிக்கு எதிரில் மட்டுமே தெரியும். டம்ளருக்குப் பின்னால் ஒரு பக்கமாக ஜன்னல், நேர் பின்னால் கறுப்புத் துணி. முதலில் ஆறிய டம்ளரில் ஃபோகஸைக் கையால் வைத்துப் பூட்டுங்கள், ஆவி வந்தால் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். ஷட்டர் 1/125 அளவில் இருந்தால் சுருள் தெரியும். மிக மெதுவாக வைத்தால் வெறும் புகைத் திட்டு. மின்விசிறியை நிறுத்துங்கள்.

சேலத்து மத்தியான வெயிலில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் ஆவி சரியாகத் தெரியாது, காற்றே சூடாக இருக்கிறது. ஏற்காட்டில் மார்கழிக் காலையில் சாதாரணச் சூட்டிலேயே அடர்ந்து எழும். சாம்பிராணி, ஊதுபத்திப் புகையை ஆவியாகக் காட்ட வேண்டாம். புகை நீலம் பாய்ந்து மெல்லிய இழையாக நெடுக ஏறும். ஆவி வெள்ளையாகக் கிளம்பி அரை அடியில் கரையும். வித்தியாசம் தெரிந்துவிடும்.

வாசலில் வேப்பிலை கட்டியிருக்கும் வீட்டை எடுக்கலாமா?

முதலில் ஏன் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்தத் தொகுப்பில் மிகவும் கவனம் வேண்டிய இடம் இதுதான்.

நிலைப்படியில் வேப்பிலை மட்டும் தனியாகச் செருகியிருந்தால் அந்த வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கலாம். வெளியாள் வராதீர்கள் என்று சொல்லும் அடையாளம் அது. கதவைத் தட்டாதீர்கள், வாசலிலிருந்தும் எடுக்காதீர்கள். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்தது. இன்று நாம் அம்மை என்பது பெரும்பாலும் சின்னம்மை. கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை அது தொற்றும். முன்பு வராதவர்களும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டுக்குள் போகவே கூடாது.

உடம்பு தேறித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில், வீட்டார் சம்மதித்தால், எடுக்க ஒன்று இருக்கிறது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை அண்டாவில் ஊற்றி வெயிலில் வைத்திருப்பார்கள். மேலே மிதக்கும் இலை, கீழே மஞ்சள் கலங்கிய நீர், அடியில் பாத்திரத்தின் வளையம். வானத்தின் பிம்பம் நீரை மறைக்கும். இங்கே போலரைசர் நன்றாக உதவும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும், அதற்கேற்ப ஷட்டரை மாற்றுங்கள். குளிக்கும் ஆளை எடுக்க வேண்டியதில்லை.

அதே வேப்பிலை ஆடி மாதத்தில் தெரு முழுக்கத் தோரணமாகத் தொங்கும், கையில் கொத்தாக வரும். அப்போது அது திருவிழா. இரண்டையும் பார்ப்பவர் குழப்பிக்கொள்ளாதபடி சுற்றுப்புறத்தைச் சட்டத்துக்குள் கொண்டு வாருங்கள்.

காப்புக்கட்டுக்கு என்ன கவனிக்க வேண்டும்?

போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ, மாவிலை சேர்த்துக் கட்டி இறவாரத்திலும் மாட்டுக்கொட்டகையிலும் வயலிலும் செருகுவார்கள். சில வீடுகளில் தும்பையும் பிரண்டையும் சேரும். கட்டிய அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள். பொங்கல் மாலைக்குள் ஆவாரம்பூ சுருண்டு பழுப்பாகிவிடும். பூளைப்பூ வெள்ளைப் பஞ்சு. வெயிலுக்கு எதிரே வைத்துப் பார்த்தால் ஒளிரும், வெயிலை முதுகில் வைத்து எடுத்தால் அழுக்குத் துணி போலத் தெரியும். கட்டிய கொத்தைவிட, திண்ணையில் செடிகளைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்க்கும் கைகள் நல்ல படம். ஒவ்வொரு செடியும் அடையாளம் தெரியும்படி அப்போதுதான் கிடைக்கும்.

ஆடித் திருவிழாவில் கூழ் ஊற்றுவதை எடுக்கப் போகிறோம். என்ன தொல்லைகள் வரும்?

முதல் தொல்லை சாமியானா. சிவப்பு மஞ்சள் துணிப் பந்தலுக்குள் நுழைந்த வெளிச்சம் முகத்தையும் கூழையும் சிவப்பாக்கிவிடும். பந்தலின் ஓரத்துக்கு வரும் வரிசையை எடுங்கள். அங்கே வெளிச்சம் பக்கத்திலிருந்து சுத்தமாக வரும். இரண்டாவது, நண்பகல் வெயில் ஏறத்தாழ நேர் உச்சியில். கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். முகத்தை விட்டுவிட்டு அண்டா, அகப்பை, நீட்டிய தூக்குவாளி, டம்ளர் இவற்றுக்கு இறங்குங்கள். ஊற்றும் கூழ் கயிறாக நிற்க 1/500 போதும். மோரைப் போலச் சிதறாது, கெட்டியானது.

கோட்டை மாரியம்மன் கோயில் பக்கமும் குகை வண்டி வேடிக்கையிலும் கூட்டம் நெருக்கும். சின்னப் பை, ஒரே லென்ஸ், கழுத்தில் வார். அருள் வந்து ஆடுபவர், அலகு குத்தியவர், மஞ்சள் நீர் நனைந்த பெண்கள் ஆகியோரை அனுமதி இல்லாமல் அருகில் எடுக்காதீர்கள். கேட்க முடியாத நிலையில் இருப்பவரின் உறவினரிடம் கேளுங்கள். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்னது. வாசலுக்கு வெளியேயே உங்களுக்கு வேண்டியது எல்லாம் நடக்கிறது.

ஏற்காட்டு மூடுபனியில் படம் சாம்பலாகிறது, லென்ஸும் வேர்த்துவிடுகிறது.

பனியைக் கேமரா சராசரிச் சாம்பல் என்று நினைத்து இருட்டாக்கும். மூன்றில் இரண்டு முதல் ஒரு ஸ்டாப் வரை ஏற்றுங்கள். பனியில் தூரம் அழிந்துவிடும், அதனால் பொருள் மூன்று நான்கு அடிக்குள் இருக்கட்டும். பின்னால் காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் நிழலாக நிற்க, முன்னால் ஈரம் பட்ட மிளகுச் சரம்: இது பனியால்தான் அமையும். மிளகு அறுவடை தை முதல் பங்குனி வரை, காபிப் பழம் கார்த்திகையிலிருந்து மாசி வரை.

வேர்ப்பது வேறு காரணம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. குளிர்ந்த கண்ணாடி வெதுவெதுப்பான ஈரக் காற்றைத் தொட்டதும் நீர் படியும். குளிரிலிருந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் போகும் முன் கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி, 20, 30 நிமிடம் அப்படியே விடுங்கள். நீர் கவரின் மேல் படியும். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்போதும் பையைத் திறக்காதீர்கள். படிந்ததைத் துடைத்துக்கொண்டே இருந்தால் லென்ஸில் கோடு விழும், மறுபடியும் படியும்.

மலைக் கிராமங்களில் சாமை, கேழ்வரகு, கிழங்கு எடுக்கப் போகலாமா?

போகலாம், ஊரில் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் வீடு, களம், தெய்வம் எல்லாம் அவர்கள் அன்றாடம் புழங்கும் இடங்கள். உரலில் சாமை குத்தும்போது உமி பறப்பதைக் காலை வெயிலுக்கு எதிராக எடுத்தால் நன்றாக வரும். கேமராவுக்குள் தூசி போகும், லென்ஸை அங்கே கழற்றாதீர்கள். சாமையையும் தினையையும் தனித்தனியாக எடுத்துப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சாமை வெளிர் சாம்பல், தினை மஞ்சள். பெயர் மாறிய படங்கள் நிறையச் சுற்றுகின்றன.

முடவாட்டுக்கால் கிழங்கு பழுப்பு மயிர் மூடி ஆட்டுக்கால் போலவே இருக்கும். மயிர் தெரியப் பக்க வெளிச்சம், வெட்டு முகம் தெரிய ஒரு துண்டு. இது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு. படத்துக்காகக் காட்டில் பிடுங்கவே பிடுங்காதீர்கள், விற்பவரிடம் வாங்குங்கள். அவரையும் அவர் தராசையும் சேர்த்தே எடுக்கலாம்.

கைக்குழந்தையின் வசம்பு வளையலை எடுக்கலாமா?

மணிக்கட்டு மட்டும், முகம் இல்லாமல், பெற்றோர் அனுமதியோடு. ஃபிளாஷ் வேண்டாம். குழந்தை தூங்கும்போது ஜன்னலோரம் எடுப்பது எளிது. கை நொடிக்கு நொடி அசையும், 1/250-க்குக் குறையாதீர்கள். வசம்பை உரைத்து நாக்கில் தடவும் காட்சியை நலத்தின் அடையாளமாகக் காட்டாதீர்கள். குழந்தை மருத்துவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். படம் பார்த்து யாராவது செய்துவிடக் கூடும்.

படத்தின் கீழே என்ன எழுதுவது? “நோய் தீர்க்கும் மூலிகை” என்று போடலாமா?

கூடாது. வழக்கத்தை எழுதுங்கள், சிகிச்சையை அறிவிக்காதீர்கள். “சளி பிடித்தால் இந்த வீட்டில் சுக்குக் காபி கொடுப்பார்கள்” என்பது நீங்கள் பார்த்த உண்மை. “சுக்குக் காபி சளியைக் குணமாக்கும்” என்பது மருத்துவத் தீர்ப்பு. படத்தைக் கடைக்கோ நிறுவனத்துக்கோ விற்றால் இது இன்னும் முக்கியம். 1954-ம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டம், சர்க்கரை நோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது.

பொருளின் பெயர், ஊர், தமிழ் மாதம், யார் யாருக்காகச் செய்கிறார்கள், எப்போது: இவை போதும். ஒரு செடிக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். கேட்ட பெயரை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எடிட்டிங் எவ்வளவு செய்யலாம்?

நிறச்சமன், வெளிச்சம், கோணல் திருத்தம். அவ்வளவுதான். இலையின் பச்சையைக் கூட்ட வேண்டாம், வேப்பங்கொழுந்தின் செம்பு நிறம் அதில்தான் முதலில் போகும். கூழின் பழுப்பைப் பளிச்சிட வைத்தால் சாக்லேட் ஆகிவிடும். இல்லாத இலையை, கையை மென்பொருளால் சேர்க்காதீர்கள்.

கண்காட்சிக்கு எத்தனை படம், எந்த அளவில்?

8 முதல் 12 படம் ஒரு தொகுப்புக்குப் போதும். எல்லாமே நெருக்கக் காட்சியாக இருந்தால் மூன்றாவது படத்திலேயே சலிப்புத் தட்டும். இடம் தெரியும் அகலப் படம் இரண்டு, கை வேலை செய்யும் படம் நான்கைந்து, மீதி நெருக்கம் என்று வையுங்கள். 12-க்கு 18 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600-க்கு 5400 புள்ளிகள், அதாவது 19 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். சுவரில் மாட்டி நான்கடி தள்ளிப் பார்க்க 200 புள்ளியே போதும். அதற்கு 9 மெகாபிக்சல் இருந்தால் சரி, சாதாரண போன் தாங்கும். ஆனால் டிஜிட்டல் ஜூம் போட்டு எடுத்தது தாங்காது.

அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள். மேட் தாளில் மஞ்சளும் கூழும் நன்றாக நிற்கும். பளபளப்புத் தாளில் எவர்சில்வர் படம் மட்டும் எடுபடும். முதலில் மஞ்சள் படத்தை மட்டும் சின்ன அளவில் அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அது ஆரஞ்சாக வந்தால் மற்ற படங்களை அச்சுக்குக் கொடுக்கும் முன் அச்சகத்தில் சொல்லி நிறத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். படத்தில் கை வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.